நஜ்முதீனின் சிவப்புப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நஜ்முதீன் மடிக்கணினி முன்னால் மோவாயில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறுகின்றன. பால் எப்போது பொங்கும் என்று அடுப்பைப் பார்க்கிற மாதிரி அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மனைவி மெஹர் நிஷா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மகள் நதா வந்து, பிரிண்டர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். யார் எதைக் கேட்டாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவரிடம் ஒரே பதில்தான். "அப்டேட் ஓடுது. யாரும் எதையும் தொடாதீங்க."

நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவின் நூற்றுக்கணக்கான அபார்ட்மென்ட்டுகளில் ஒன்றில், இரண்டாம் மாடியில் குடியிருக்கும் கீழக்கரைக்காரர். வயது நாற்பத்தெட்டு. மருந்துக் கம்பெனி ஒன்றில் கணினிப் பாதுகாப்பு வேலை. ஆபீசில் எட்டு மணி நேரம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறார். வீட்டுக்கு வந்து மிச்ச நேரமும் சம்பளமில்லாமல் சந்தேகப்படுகிறார்.

அவருடைய மடிக்கணினி நம் வீட்டுக் கணினி மாதிரி கிடையாது. பாதுகாப்புக்கென்றே செய்த ஓர் இயங்குதளம் அதில் ஓடுகிறது. வெளியே பார்க்க ஒரு கணினி. உள்ளே பதினோரு கணினி. பொறியாளர்கள் இவற்றை மெய்நிகர் கணினி என்பார்கள். நஜ்முதீன் 'பெட்டி' என்பார். வங்கிக்கு ஒரு பெட்டி. ஆபீசுக்கு ஒன்று. மகளின் பள்ளிக்கூடக் கடிதங்களுக்கு ஒன்று. வங்கிப் பெட்டிக்குப் பள்ளிக்கூடப் பெட்டி இருப்பதே தெரியாது. ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் அடுத்ததற்குத் தாண்டாது. கடவுச்சொற்கள் இருக்கும் பெட்டிக்கு இணைய இணைப்பே கிடையாது. "அதுக்கு உலகமே தெரியாது. அப்படியே இருக்கட்டும்" என்பார், பெண் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்த தகப்பன் மாதிரி.

ஒரு பெட்டியில் பிரதி எடுத்த வரியை இன்னொரு பெட்டியில் ஒட்ட, நமக்கு இரண்டு விசை போதுமென்றால் அவருக்கு நான்கு வேண்டும். அந்த நான்கையும் ஆர்மோனியம் வாசிப்பதுபோல் ஒய்யாரமாக அழுத்துவார். சந்தேகமான கடிதம் வந்தால், ஒருமுறை பிறந்து ஒருமுறை சாகிற பெட்டி ஒன்றை உண்டாக்கி அதில் திறப்பார். திரையில் அந்த ஜன்னலை மூடினால் பெட்டியும் போய்விடும். மூடும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

பெட்டிகளுக்கு நிறம் உண்டு. பச்சை என்றால் நம்பலாம், மஞ்சள் என்றால் பார்த்து நடக்க வேண்டும், சிவப்பு என்றால் கிட்டே போகாதே. எந்தப் பெட்டியில் எதைத் திறந்தாலும் அந்த ஜன்னலைச் சுற்றி அதன் நிறத்தில் விளிம்பு விழும். தலைப்பில் பெட்டியின் பெயரும் வரும். உள்ளே இருக்கிற எந்த நிரலும் முழுத்திரையைத் தானாகப் பிடித்துக்கொண்டு அந்த விளிம்பை மறைக்க முடியாது. நஜ்முதீனுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். பிளெய்ன்ஸ்பரோ நூலகத்தில் மோசடி அழைப்புகளைப் பற்றி அவர் பேசிய கூட்டத்தில்கூட இதைச் சொன்னார். "உள்ள இருக்கிறது ஆயிரம் பொய் சொல்லும். ஃப்ரேம் பொய் சொல்லாது."

அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் சமோசாவுக்காக வந்தவர்கள். எதிர் வீட்டு செல்வராஜ் மட்டும் எழுந்து, "சார், உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் வாங்கறதுக்குள்ள எனக்கு கிரீன் கார்டே வந்துரும் போலிருக்கே" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. நஜ்முதீனும் சிரித்தார். பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை.

அவரைக் கஞ்சன் என்றோ திமிர் பிடித்தவர் என்றோ சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் காரை எடுப்பவர் அவர்தான். ஆனால் அந்த வீட்டுக்காரர் அனுப்புகிற படத்தை மட்டும் நேராகத் திறக்க மாட்டார். கடைக்காரப் பெண் ஃபோன் நம்பர் கேட்டால், "வேணாம்மா, டிஸ்கவுன்ட் வேணாம்" என்று விட்டுக்கொடுத்துவிட்டு வருவார். மெஹர் நிஷாவுக்கு இந்த இடம்தான் எரியும். "அல்லாஹ்வே, அந்தப் பொண்ணு உங்க நம்பர வச்சு என்னதான் பண்ணப் போகுது?" என்பார்.

இந்த மனிதர் தலைகுனிந்த கதை போன மாதம் நடந்தது.

மெஹர் நிஷா 'காக்கா' என்று கூப்பிடுகிற அண்ணன் ஆதிஃப், எடிசனில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. ஒரே மகள் ஷஹீமா, பன்னிரண்டு வயது. கடையில் ஆள் வராத நேரத்திலெல்லாம் ஆதிஃப் கையில் கிடைத்ததை எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பார். மக்காவுக்கு உம்ரா போக இலவச டிக்கெட், மஞ்சள் வைத்தியம், காதுக்குள் பூச்சி போனால் என்ன செய்வது, ஊரில் யாரோ வீட்டு நிக்காஹ் வீடியோ, காசில்லாமல் கிடைக்கிற போட்டோ மென்பொருள். போன வருடம் அவர் அனுப்பிய ஒரு லிங்க்கை மெஹர் நிஷா அழுத்தப்போய், அவர் ஃபோனிலிருந்து ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் பரிசுச்சீட்டு விளம்பரம் போனது. சம்பந்தி வீட்டுக்கும் போனது. மூன்று நாள் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு மெஹர் நிஷாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அன்றைய கோபத்தில் நஜ்முதீன் ஒரு காரியம் செய்தார். அலமாரியில் கிடந்த பழைய ஃபோனில் தனி நம்பர் போட்டு, மச்சானுக்கு அந்த நம்பரைக் கொடுத்தார். அந்த வாட்ஸப்புக்கென்று கணினியில் தனிப் பெட்டி ஒன்று உண்டாக்கினார். நிறம் சிவப்பு. பெயர் ஆங்கில எழுத்தில், ஆனால் சுத்தத் தமிழில்: மச்சான்-குப்பை. அதை எழுதியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. தன் திரையைத் தன்னைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம். ஒவ்வொரு பெட்டியும் ஓடும்போது கணினியின் நினைவகத்தைத் தின்னும் என்பதால், அதை எப்போதும் அணைத்தே வைத்திருந்தார். சனிக்கிழமை ஒருமுறை திறந்து, புதிதாக வந்தவற்றுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு மூடிவிடுவார்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, ஆதிஃப் வந்தார். நெஞ்சில் மூன்று அடைப்பு, வியாழக்கிழமை பைபாஸ் ஆபரேஷன் என்று வீட்டில் எல்லாருக்கும் அதற்குள் தெரியும். அந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் அந்தக் கவலையைச் சுமந்துகொண்டு வர வேண்டாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அது யாருக்கும் தெரியாதே. ஆதிஃப் சோபாவில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, லாயர் ஒரு பேப்பர் ரெடி பண்ணிக் குடுத்துருக்காரு. எனக்கு ஏதாவது ஆயிட்டா ஷஹீமாக்கு நீங்கதான் கார்டியன்னு. மெஹர் இருக்கா, சரிதான். ஆனா பேப்பர்ல உங்க பேரத்தான் போடச் சொன்னேன். வாட்ஸப்ல அனுப்பிருக்கேன். பேரு, அட்ரஸ் எல்லாம் சரியான்னு ஒருவாட்டி பாத்துருங்க. ஃபோன்ல பாத்தா எனக்கு ஒண்ணுமே தெரியல."

நஜ்முதீனுக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. பதினாறு வருடம் முன்னால், நதா பிறந்த நாளில், பனி கொட்டி, பாதையில் பனியை ஒதுக்குகிற வண்டி அவர் காரையே மூடிவிட்டுப் போயிருந்தது. எடிசனிலிருந்து ஒரு மண்வெட்டியோடு வந்து, கையுறைகூட இல்லாமல் அந்தக் காரைத் தோண்டி எடுத்தவர் இந்த ஆதிஃப். இப்போது அதே கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உதவி கேட்கிறார். நஜ்முதீன் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். "இருங்க மச்சான், டிவில போட்டுக் காட்றேன். பெருசா தெரியும்" என்றார்.

கம்பியை மாட்டினார். பெட்டியை எழுப்பினார். பேப்பர் வந்து இறங்கியது, திறந்தார். அறுபத்தைந்து அங்குல டிவியில், கூடத்துச் சுவரையே நிறைத்துக்கொண்டு, அந்தக் காகிதம் விரிந்தது. சுற்றிலும் ரத்தச் சிவப்பில் விளிம்பு. தலைப்பில், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்தில், பெட்டியின் பெயர்.

நஜ்முதீன் அப்போதுதான் அதைப் பார்த்தார். அதுவரை அவர் கை, வாரா வாரம் செய்கிற வேலையைத் தானாகச் செய்துகொண்டிருந்தது. மச்சானிடமிருந்து வந்தால் அந்தப் பெட்டி. அவ்வளவுதான். என்ன வந்திருக்கிறது என்று கை கேட்பதில்லை.

சரிபார்க்க வந்த ஆதிஃப் வரிசை தப்பாமல் உச்சியிலிருந்தே தொடங்கினார். விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். "எம், ஏ, சி, எச்... மச்சான். மச்சான் குப்பை." திரும்பிப் பார்த்தார். "இது லாயர் போட்டதா மாப்ள?"

தட்டில் சமோசாவோடு மெஹர் நிஷா வாசற்படியில் நின்றுவிட்டார். நஜ்முதீனுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. ஜன்னலை மூடலாம், மூடினால் தன் வேலைதான் என்று தெரிந்துவிடும். பெயரை மாற்றலாம், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இயங்குதளம் பெயரையும் மாற்றவிடாது, நிறத்தையும் மாற்றவிடாது. அணைத்தால்தான் மாற்ற முடியும். இதெல்லாம் ஒரு நொடியில் மூளைக்குள் ஓடியது. வாய் வேறு வழியில் போனது.

"இல்ல மச்சான். அது... சிஸ்டமே வைக்கிற பேரு. டீஃபால்ட்."

சொல்லி முடித்த கையோடு அவருக்கே அந்தப் பொய்யின் அழகு தெரிந்தது. ஊர் பேர் தெரியாத நாட்டுக்காரர்கள் எழுதிய மென்பொருள், தானாக ஒரு பெட்டிக்குத் தமிழில் மச்சான்-குப்பை என்று பெயர் வைக்குமா? நான்கு நாளில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற மனிதரிடம், மகளைக் கையில் ஒப்படைக்க வந்தவரிடம், இதைப் போய்ச் சொன்னோமே என்று அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆதிஃப் மறுபடி டிவியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பரவால்லயே. அமெரிக்காக்காரன் சாஃப்ட்வேர்லயும் நமக்கு எடம் வச்சிருக்கான்." அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் அதைப் பற்றிப் பேசவில்லை. காகிதத்தைக் கடைசி வரை படித்தார். "உங்க அபார்ட்மென்ட் நம்பர் தப்பா இருக்கு மாப்ள. லாயர்ட்ட சொல்லி மாத்திட்டு, அப்பறமா சைன் பண்றேன்" என்று எழுந்தார். ஒரு சமோசாவை எடுத்துத் தங்கைக்காகத் தின்றார். வாசலில் செருப்பு மாட்டும்போதும் "வரேங்க மாப்ள" என்றுதான் சொன்னார். வாங்க போங்கவில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

அபார்ட்மென்ட் நம்பர் உண்மையிலேயே தப்பாகத்தான் இருந்தது. நஜ்முதீன் இரண்டு முறை பார்த்தார். ஆனால் அதற்காகத்தான் கையெழுத்து நின்றதா, அந்தக் காகிதம் திரும்பி வருமா, வந்தாலும் அதில் தன் பெயர் இருக்குமா என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் இல்லை.

மெஹர் நிஷா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "டீஃபால்ட்டா?" என்றார். நஜ்முதீன் டிவிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என் காக்கா செவப்பு. தெரிஞ்சுபோச்சு. என்னைய எந்த கலர்ல வச்சிருக்கீங்க?"

"மஞ்சள்" என்றார் நஜ்முதீன். பொய் சொல்லத் தெம்பில்லை.

"உங்க உம்மா, உங்க லாத்தாவெல்லாம்?"

அம்மாவும் அக்காவும் பச்சை. அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபது வருடமாகக் குடித்தனம் செய்கிற மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தே நிறத்தைத் தெரிந்துகொண்டார். "ஷஹீமா பேப்பர்ல காக்கா சைன் பண்ணலன்னா, அந்தப் புள்ளைக்கு நாளைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் நஜ்முதீனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மதியம் பெட்டியை அணைத்தார். இப்போது பெயரை மாற்ற அனுமதி கிடைத்துவிட்டது. மச்சான் என்று மட்டும் அடித்தார், அழித்தார். ஆதிஃப்-மச்சான் என்று அடித்தார், அழித்தார். குடும்பம்-இரண்டு என்று அடித்துப் பார்த்தார். இரண்டு என்றால் ஒன்று யார் என்று தன்னையே கேட்டு அதையும் அழித்தார். எல்லாமே கறைக்கு மேல் சுண்ணாம்பு அடிக்கிற வேலையாகப் பட்டது. நிறத்தைப் பச்சையாக்கலாமா என்று பார்த்தார். அதற்குக் கை வரவில்லை. மச்சான் அனுப்பிய அந்த இலவச போட்டோ மென்பொருள் உள்ளேதான் கிடக்கிறது. அதைப் பச்சையில் வைப்பதும் ஒரு பொய்தான். ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும்.

சரி, உள்ளே இருப்பதைத் தரம் பிரித்துவிடலாம் என்று பெட்டியை மறுபடி எழுப்பினார். ஒரு வருட வழக்கத்தில் முதல் முறையாக அந்த வாட்ஸப்பை ஒழுங்காகப் படித்தார். உம்ரா டிக்கெட்டுக்கும் காதுப்பூச்சிக்கும் நடுவில், அவர் கட்டைவிரல் மட்டும் போட்டுவிட்டுக் கேட்காமல் தாண்டிய குரல் பதிவுகள் கிடந்தன. ஒவ்வொன்றாக அழுத்தினார். "மாப்ள, நாளைக்கு ஸ்நோ வருதாம், வைப்பர தூக்கி வச்சிருங்க." "நதாக்கு மேத்ஸ் டெஸ்ட்னு சொன்னீங்களே, எப்படிப் பண்ணுனா?" "சும்மாதான் மாப்ள. கடைல யாருமில்ல."

அதற்குக் கீழே ஒன்று, இரண்டு மாதம் பழையது. பின்னால் யாரோ பெயர் கூப்பிடுகிற சத்தம். ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தது. "மாப்ள, டாக்டர் மூணு எடத்துல அடைப்புங்கறாரு. மெஹர்ட்ட இப்ப சொல்லாதீங்க, பயந்துருவா. எனக்கும் கொஞ்சம்... நீங்க ஃப்ரீயா இருந்தா கால் பண்ணுங்க." அதற்கு நஜ்முதீன் போட்டிருந்த கட்டைவிரல் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

ஆபீசில் தவறு செய்தால் அறிக்கை எழுதலாம். என்ன நடந்தது, எப்படி நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன வழி என்று மூன்று பத்தியில் முடித்துவிடலாம். நஜ்முதீன் அப்படி எழுதுவதில் கெட்டிக்காரர். திங்கள் முழுக்க, செவ்வாய் முழுக்க, ஆபீசில் எல்லார் முகத்தையும் தவிர்த்துக்கொண்டு, மனதுக்குள் அந்த அறிக்கையை எழுதி எழுதிப் பார்த்தார். இரண்டாம் பத்தியைத் தாண்ட முடியவில்லை. ஃபோன் பேசலாம் என்று நம்பரை எடுப்பார், வைத்துவிடுவார். ஃபோனில் பேசினால் மறுபடி ஏதாவது அளந்துவிடுவோம் என்று தன் வாய் மேலேயே அவருக்குச் சந்தேகம். மெஹர் நிஷா தினமும் காலையில் அண்ணனிடம் பேசும்போது அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

புதன்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு எடிசனுக்கு ஓட்டினார். அந்தக் கணினியை அவர் வெளியே எடுத்துச்செல்வதே அபூர்வம். கடையில் ஆதிஃப் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபோன் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள, வாங்க. உக்காருங்க" என்றார். நஜ்முதீன் உட்காரவில்லை. கணினியை மேசைமேல் வைத்துத் திறந்து, பெட்டிகளின் பட்டியலை அப்படியே அவர் பக்கம் திருப்பினார். பதினோரு பெயர், பதினோரு நிறம். நஜ்முதீனைத் தவிர யாருமே பார்க்காத பட்டியல்.

"அது டீஃபால்ட் இல்ல மச்சான். நான் வச்ச பேரு."

"தெரியும் மாப்ள. ஃபோன் கடை வச்சிருக்கேன். டீஃபால்ட்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

நஜ்முதீன் தலையைக் குனிந்துகொண்டார். காரில் முப்பது நிமிடம் ஒத்திகை பார்த்த வாக்கியம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "உங்க வாய்ஸ் மெசேஜ்... டாக்டர்ட்ட இருந்து அனுப்புனீங்களே. ஞாயித்துக்கிழமதான் கேட்டேன்."

ஆதிஃபின் கை ஃபோன் உறைகளுக்கு மேல் நின்றது. "ஞாயித்துக்கிழமையா? ரெண்டு மாசம் ஆச்சே."

"ஆமா மச்சான். கேக்காமலே தம்ஸ் அப் போட்டுட்டேன்."

"நான் நீங்க பிஸின்னு நெனச்சேன்" என்றார் ஆதிஃப்.

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். அதுதான் நஜ்முதீனால் தாங்க முடியாமல் போனது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பார்.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் உள்ளே வந்தார். நொறுங்கிய ஃபோன் கண்ணாடி. ஆதிஃப் பழையதை உரித்து, ஈரத்துணியால் துடைத்து, புதுக் கண்ணாடியை மூலைக்கு மூலை பொருத்தி, நகத்தால் காற்றுக்குமிழியைத் தள்ளி வெளியேற்றினார். ஐந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நஜ்முதீன் தன் திறந்த கணினிக்குப் பக்கத்தில், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் நஜ்முதீன் பட்டென்று மூடியிருப்பார். அன்று மூடவில்லை.

அந்த அம்மாள் போனதும் ஆதிஃப் பேசினார். "நான் அனுப்பறதுல பாதி குப்பைதான் மாப்ள. அத ஒத்துக்கறேன். பொழுது போகாம அனுப்பறது. அதுக்கு நீங்க செவப்பு போடுங்க, கருப்பு போடுங்க. ஆனா அன்னைக்கு டிவில, கீழ எம் புள்ள பேரு, அதுக்கு மேல அந்தப் பேரு..." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அதான் ஒரு மாதிரி ஆயிருச்சு."

"பேர மாத்தணும் மச்சான். என்ன வைக்கறதுன்னு தெரியல."

"ஒண்ணும் அவசரமில்ல" என்று ஆதிஃப் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு கடித உறையை எடுத்தார். "இது உங்க காப்பி. மெஹர்ட்ட குடுத்து விடலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

நஜ்முதீன் பிரித்தார். அபார்ட்மென்ட் நம்பர் திருத்தப்பட்டிருந்தது. ஷஹீமாவின் பெயருக்குக் கீழே அவருடைய பெயர் முழுதாக, தகப்பனார் பெயரோடு இருந்தது. கையெழுத்து, இரண்டு சாட்சி, நோட்டரி முத்திரை. முத்திரையில் தேதி இருந்தது. திங்கட்கிழமை. டிவியில் அதைப் படித்துவிட்டுப் போன மறுநாள். நஜ்முதீன் வாயைத் திறக்கத் துணியாமல் கிடந்த அந்த மூன்று நாளும் இந்தக் காகிதம் கையெழுத்தோடு இந்த மேசைக்கடியில்தான் இருந்திருக்கிறது.

"கோவம் வேற மாப்ள" என்றார் ஆதிஃப். "இது வேற."

ஷஹீமாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது. ஆதிஃப் விளக்குகளை அணைத்தார். இருவரும் வெளியே வந்தார்கள். கனம் எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், ஷட்டரை நஜ்முதீன்தான் இழுத்து இறக்கினார். தரையை ஒட்டிய பூட்டுக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பூட்டு முதல் திருப்பிலேயே விழுந்துவிட்டது. பின்னால் ஆதிஃப் கார்ச் சாவியோடு காத்திருந்தார். நஜ்முதீன் எழுந்திருக்கவில்லை. முகத்தை ஷட்டர் பக்கமே வைத்துக்கொண்டு, பூட்டிய பூட்டை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.